நீட்டி ஒரு இழுப்பு

“எங்கப்பாவ உள்ள கூப்பிடுங்க டாக்டர். கட்டி அவரு தலைக்குள்ளதான இருக்கு? அவர வச்சிக்கிட்டே பேசுங்க.”

இதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் பஸ் ஏறியதிலிருந்து இன்னாசி மாமா ஓதிக்கொண்டு வந்தார். “ஏளா ஜெனிட்டா, உள்ள போனா டாக்டர் சொல்லுதத கேளு, தலைய ஆட்டு, வெளிய வா. மச்சான உள்ள கூப்பிடச் சொல்லி மட்டும் நிக்காத. அந்த நோவு பேரு காதுல விழுந்துச்சுன்னா அந்த மனுசன் அங்கனயே ஒடஞ்சிருவாரு, பாத்துக்கோ.” அவளும் ஜன்னலோரம் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு ம் கொட்டியபடியேதான் வந்தாள். ம் கொட்டினால் சரி என்று அர்த்தமாகிவிடுமா என்ன?

டாக்டர் நேசக்குமார் பேனாவை மூடி வைத்தார். நாசரேத் பக்கத்துக்காரர். யாரையும் கடிந்து பேசிப் பழகாத வாய். “உங்க மாமா போன வாரமே சொல்லிட்டாரேம்மா. ரேடியேஷன் லைட்டு மட்டும் வைங்க, மாத்திரை வேண்டாம்னு.”

“என்ன மாத்திரை?”

டாக்டர் இன்னாசியைப் பார்த்தார். இன்னாசி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

“மூளைக் கட்டிக்கு லைட்டு வைக்கும்போது கூடவே ஒரு மாத்திரை குடுக்குறதுதான் வழக்கம்,” என்றார் டாக்டர். “லைட்டு போயி அந்தக் கட்டியோட அணுவுக்குள்ள இருக்கிற இழையை அறுக்கும். ஆனா அது பொல்லாத அணு. அறுந்ததை மறுநாளைக்குள்ள முடிஞ்சு வச்சுக்கும். மாத்திரை உள்ள இருந்தா அப்படி லேசுல முடிய முடியாது. அப்ப அதே லைட்டு இன்னும் நல்லாப் பிடிக்கும். தினமும் லைட்டுக்கு ஒரு மணி நேரம் முந்தி, வெறும் வயித்துல போடணும்.”

“இத அப்பாட்ட சொன்னீங்களா?”

“அவருக்குப் பேச்சு வரலையேம்மா.”

“பேச்சுத்தான வரல. காதுமா செவிடு?”

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்க் கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் கஸ்பார் உட்கார்ந்திருந்தார். ஆளைப் பார்த்தால் நோயாளி என்று சொல்ல முடியாது. கடல் இழுத்து இழுத்து அகலமாக்கிய நெஞ்சு. தலையின் இடப்பக்கம் மட்டும் மழித்து, தையல் போட்ட தடம் காதுக்கு மேலே வளைந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில்தான் கட்டி. வெட்டி எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்கள், மிச்சம் இருந்தது. நாக்கில் வார்த்தை நிற்பதில்லை. டீ வேண்டுமென்றால் “நங்கூரம்” என்பார், கேட்கிறவன் விழித்தால் அவரே வெட்கப்பட்டுச் சிரித்துக்கொள்வார். ஆனால் சொல்வது புரியும். புரிகிறது என்பது ஜெனிட்டாவுக்குத் தெரியும்.

டாக்டர் அவரிடம் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நோயின் பேரைச் சொல்லாமலே சுற்றிப் போனார். கேட்டு முடித்ததும் கஸ்பாரின் கண் டாக்டரிடமும் போகவில்லை, மகளிடமும் வரவில்லை. நேரே இன்னாசியிடம் போயிற்று.

“நமக்கு அந்த மாத்திர வேண்டாம் மச்சான்,” என்றார் இன்னாசி. “லைட்டே போதும். என்ன?”

கஸ்பார் தலையை ஆட்டினார்.

அவ்வளவுதான். திங்கட்கிழமை முற்பகல் லைட் ஆரம்பம் என்று சொல்லி அனுப்பினார்கள். படியிறங்கும்போது இன்னாசி, “இப்ப மனசு குளுந்துச்சா?” என்றார். ஜெனிட்டாவுக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

இன்னாசியின் தங்கச்சி அக்னேசம்மாளைக் கஸ்பார் கட்டி எத்தனை வருசமோ, அந்தத் தலையாட்டலுக்கும் அத்தனை வயது. அவர்கள் ஊர் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள். கூடப்பிறந்தவனை நிறுத்த மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் ஆயிரம் பகை இருக்கும். மச்சானுக்கு அப்படியில்லை, கயிற்றைக் கோட்டைவிட்டால் தாலியறுக்கப் போவது அவன் தங்கச்சி. கஸ்பார் மூச்சடக்கி இறங்கிய காலத்திலும் இன்னாசிதான் மேலே நின்றார். பிறகு வள்ளத்தில் கம்ப்ரசர் தடதடத்து, கயிற்றோடு காற்றுக் குழாயும் சேர்ந்து இறங்கிய காலத்திலும் அவர்தான் நின்றார். தண்ணீர் தெளிவா கலங்கலா, எங்கே நங்கூரம் போடுவது, இன்றைக்கு இறங்கலாமா கூடாதா என்பதெல்லாம் மேலே நிற்கிறவர் முடிவு. இறங்குகிறவர் தலையாட்டிவிட்டு இறங்குவார்.

கீழே போன பிறகு கதை மாறும். கயிற்றில் சுருக்காக இரண்டு இழுப்பு வந்தால், தூக்கு. நீட்டி ஒரு இழுப்பு வந்தால், விடு, இன்னும் போகிறேன். அந்த நேரத்தில் மேலே நிற்கிறவர் ஏன், எதற்கு என்று யோசிக்கக் கூடாது, கை சொன்னபடி செய்ய வேண்டும். யோசித்து நின்றவர்களின் மச்சான்மார் கதைகள் அந்தக் கரையில் நிறைய உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்னேசம்மாள் பின்வாசலில் சாளை மீனைச் செதில் போக உரசிக்கொண்டிருந்தாள். மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி அடித்ததில் மீன்சட்டியைத் தட்டால் மூடி மூடித் திறந்தாள். வந்தவர்கள் முகத்தைப் பார்த்தே என்னவோ நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ஒம்மவ டாக்டருக்கே பாடம் எடுத்துட்டா,” என்றார் இன்னாசி. “எறா கம்பெனியில வேல பாக்காள்லா, பெரிய சயின்டிஸ்ட்டு.”

“எறால்ல கிருமி இருக்கான்னு பாக்குற வேலதான் மாமா. அதுக்கும் படிச்சிருக்கணும். இந்த வீட்டுல நான் மட்டுந்தான் படிச்சிருக்கேன்.”

“ஏட்டி!” என்றாள் அக்னேசம்மாள்.

“அம்மா, உனக்குத் தெரியுமா? அப்பாவுக்கு மாத்திரை உண்டுங்குறதும் மாமா வேண்டாம்னு சொன்னதும் உனக்குத் தெரியுமா?”

செதில் ஒட்டிய கத்தி நின்றது.

“எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியாது. நல்லாருக்கு.”

“எதுக்குன்னு கேளு முதல்ல,” என்றார் இன்னாசி. “திங்கக்கிழம காலைல ரொசாலியக்கா வாராவ. புன்னக்காயல்ல இருந்து. அவ தம்பி மவனுக்கு ஒன்ன வாக்குக் கேக்க. பையன் கப்பலுக்குப் போறான். லெச்சணமான பய. நரம்புக்கு லைட்டு வைக்காவன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்த மாத்திர வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா வாந்தி, மயக்கம், முடி கொட்டும். தெருவுக்கே தெரிஞ்சிரும். பொறவு எவன் வருவான் இந்த வீட்டுப் படி ஏறி?”

“முடி கொட்டுறது லைட்டால, லைட்டு படுற எடத்துல. மாத்திரையால இல்ல. தெரியாட்டா கேக்கணும்.”

“சரி, நீதான் தெரிஞ்சவ.”

“அப்ப எனக்கு மாப்பிள்ளை பாக்குறதுக்காக எங்கப்பா தலையில அது முடிச்சுப் போட்டுக்கிட்டே கெடக்கணும், அப்படித்தான? எனக்கு அப்படி ஒரு மாப்பிள்ள வேண்டாம். பேரு கூட சொல்லாதீங்க.”

இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டார். குரல் இறங்கியது. “மாப்பிள்ளைக்காக மட்டும்னு நெனச்சியா? எங்க பெரியண்ணன் இப்படித்தான் ஒரு மருந்துக்குப் போனான். நாந்தான் கூட இருந்தேன். குடலு வெளிய வந்துரும் போல வாந்தி எடுத்தான். எங்கையப் புடிச்சிக்கிட்டு, ‘ஏலே, போதும்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலே’ன்னான். நான் கூட்டிட்டுப் போவல. டாக்டர் சொன்னாவன்னு அங்கனயே போட்டு வச்சேன். அங்கனயே செத்தான். இன்னொருத்தன அப்படிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

ஜெனிட்டா அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“அது வேற மருந்து, வேற நோவு மாமா. அதுவும் போகட்டும். பெரிய மாமா போதும்னு சொன்னாவல்ல? நீங்க கேக்கல. இப்ப எங்கப்பா வேணும்னு சொல்லிருவாவளோன்னு கேக்கவே மாட்டேங்கீய. ரெண்டு தரமும் ஒரே தப்பு.”

அக்னேசம்மாள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்து மகளை ஓர் அறை அறைந்தாள். செதில் கன்னத்தில் ஒட்டியது. ஜெனிட்டா துடைக்கவில்லை. அம்மாவின் கண் கலங்கியிருந்தது கோபத்திலா வேறெதிலா என்று பார்க்கவும் அவள் நிற்கவில்லை.

மறுநாள் வேலைக்கு என்று சொல்லிவிட்டு அவள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் வார்டு சுற்றிவிட்டு வரும்வரை நின்றாள்.

“அந்த மாத்திர போட்டா குணமாயிருமா?”

“பொய் சொல்ல மாட்டேம்மா. இந்தக் கட்டி முழுசாப் போறதில்லை. லைட்டோட மாத்திரையும் சேர்ந்தா காலம் கொஞ்சம் கூடும். சிலருக்கு நல்லாவே கூடுது. சிலருக்குப் பெரிசா ஒண்ணும் செய்யுறதில்லை. இவர் எந்த வகைன்னு இப்ப எனக்குத் தெரியாது.”

“வாந்தி?”

“இருக்கும். அதுக்கும் மாத்திரை இருக்கு. ரத்தம் பாத்துக்கிட்டே இருப்போம். தாங்கலைன்னா நிறுத்தலாம்.”

“அவரே வேண்டாம்னு சொன்னா?”

“விட்டுடுவேன். ஆனா அவர் சொல்லணும்.” சொல்லிவிட்டு டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “அன்னைக்கே நான் அப்படிக் கேட்டிருக்கணும். திங்கக்கிழமை வெறும் வயித்தோட கூட்டிட்டு வாம்மா. சரின்னா இங்கேயே குடுத்து ஆரம்பிக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கரைக்குக் கூட்டிப்போனாள். கச்சான் மாதத்தில் சங்குக்கு யாரும் இறங்குவதில்லை. தண்ணீர் கலங்கிச் சேறாகக் கிடக்கும், கையை நீட்டினால் கை தெரியாது. வள்ளங்களை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் வள்ளத்தடியில் ஒட்டிப்போன கொட்டிக்காய்ச் சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “என்னவே கஸ்பாரு, தலைய யாரு சுரண்டினா?” என்று கேட்டார். கஸ்பார் சிரித்து, கையால் பெரிய ரம்பம் ஒன்றை அறுத்துக் காட்டினார்.

கஸ்பார் இறங்கும் வள்ளத்தின் நிழலில் காற்றுக் குழாய் வளையமாகச் சுருட்டிக் கிடந்தது. கஸ்பார் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஜெனிட்டா எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, உங்க தலையில இருக்குறது புத்துக்கட்டி.”

விரல் குழாயின்மேல் நின்றது.

“நரம்பு இல்ல. கேன்சரு. பொல்லாததுலயும் பொல்லாதது. வெட்டினது போக மிச்சம் இருக்கு. அதுக்குத்தான் லைட்டு. மாமா வேண்டாம்னு சொன்ன மாத்திர, அந்தக் கட்டிய லைட்டுக்கு எளக்கிக் குடுக்குற மாத்திர. போட்டாலும் முழுசாப் போவாது. நாளு கூடும்னு சொல்லுதாவ. வாந்தி வரும். வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். மாமா இல்ல. நானும் இல்ல.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இன்னாசி சொன்னது போல அப்பா இங்கேயே உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று அப்போதுதான் பயம் வந்தது.

கஸ்பார் உடையவில்லை. கடலைப் பார்த்தார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், எந்தக் கச்சானிலும் செய்வது போலவே. பிறகு தன் தையலைத் தொட்டு, “பொண்டு...” என்றார். அது இல்லை என்று தலையை உதறினார். “வெளக்கு...” அதுவும் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று மட்டும் சுத்தமாக வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

“இன்னாசி?” என்றார் பிறகு. அந்தப் பெயர் மட்டும் என்றைக்கும் பிசகாமல் வரும்.

“மாமாவுக்குப் பயம்ப்பா. பெரிய மாமா செத்தத நெனச்சுப் பயம்.”

கஸ்பார் தலையாட்டினார். அது தெரியும் என்பது போல.

“நாளைக்குக் காலைல ரொசாலி மாமி வாராவ. மஸ்கோத்து அல்வா கொண்டு வருவாவ, வாக்குக்குத் திங்கச் சொல்லி ஒங்க கையில குடுப்பாவ. மாத்திரைன்னா வெறும் வயிறா இருக்கணும். நீங்க தின்னீயன்னா வேண்டாம்னு அர்த்தம். நான் புரிஞ்சிக்கிடுதேன், அதுக்குப் பொறவு இதப்பத்தி வாயத் தொறக்க மாட்டேன். தின்னலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போவ நான் செருப்ப மாட்டிருவேன்.”

அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. குழாயை முழுதும் தடவி முடித்து, நுனியைக் கட்டி வைத்துவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை காலைப் பூசை முடிந்த கையோடு ரொசாலி வந்துவிட்டாள். கனத்த உடம்பு, கனத்த சங்கிலி. பேச்சும் லேசில்லை.

“என்ன அக்னேசு, வீட்டுச் சுவத்துக்கு இன்னும் வெள்ளையடிக்கலியா? மாதா திருவிழாவுக்குக் கூடவா அடிக்கல?”

“அவருக்கு மேலுக்கு முடியாமப் போச்சுல்லா மயினி.”

“ஆமா ஆமா, நரம்பு. எம் மருமவனுக்கும் நரம்புதான். ஒரு எண்ண தேச்சான், எந்திச்சிட்டான். இங்கன வா மாப்பிள்ள கஸ்பாரு, நல்லாத்தான இருக்கீரு! பொண்ணு எங்க? அளவா சிரிக்கச் சொல்லு, போதும்.”

ஜெனிட்டா சிரிக்காமல் வந்து நின்றாள். வேலைக்குப் போகிற சுடிதார், பின்னிப் போட்ட தலை. அக்னேசம்மாள் எடுத்து வைத்த பட்டுப்புடவை கட்டிலில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

அந்தப் பக்கத்தில் வாக்குக் கொடுப்பது என்றால் பெரிய பேச்சில்லை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பலகாரத்தைப் பெண்ணைப் பெற்றவன் அவர்கள் முன்னால் வாயில் போட்டுக்கொண்டால் முடிந்தது. தின்றவன் மாற மாட்டான். ரொசாலி தட்டில் அல்வாவை எடுத்து வைத்தாள். தேங்காய்ப்பால் மினுமினுத்தது. இன்னாசி தானே ஒரு துண்டை எடுத்துக் கஸ்பாரின் உள்ளங்கையில் வைத்தார்.

“போடும் மச்சான். நல்ல நேரம்.”

அக்னேசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒன்று தெரியும், மற்ற யாரும் கவனிக்காத ஒன்று. அன்று காலை கஸ்பார் அவள் வைத்த கஞ்சியைத் தொடவில்லை. இறங்குகிற நாளில் மட்டுமே அவர் அப்படிச் செய்வார். வயிறு நிறைந்து போனால் கீழே ஓங்கரிக்கும் என்று ஒரு வாய் தண்ணீரோடு போவார். அவள் கஞ்சிப் பானையைக் கரையில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

கஸ்பார் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். வாய்வரை கொண்டுபோனார். அப்புறம் அவர் திரும்பி, பக்கத்தில் நின்ற இன்னாசியின் வாயில் அதைத் திணித்தார்.

ரொசாலி முதலில் சிரித்துவிட்டாள். “என்ன இது, மச்சானுக்கா கல்யாணம்? நீரு தின்னும் வே!”

“அவரு திங்க மாட்டாரு மாமி,” என்றாள் ஜெனிட்டா. “அப்பா வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்குப் போவணும். நரம்பு இல்ல. தலையில புத்துக்கட்டி. இன்னைக்கு லைட்டு வைக்காவ, அதுக்கு முந்தி ஒரு மாத்திர போடணும்.”

“ஏசுவே!” என்றாள் அக்னேசம்மாள்.

இன்னாசிக்கு வாயில் அல்வா. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண் பிதுங்கி நின்றார்.

ரொசாலி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இத மறச்சா எங்களக் கூப்பிட்டீய? இன்னாசி, இது ஒமக்கே நல்லாருக்கா?”

“மறச்சது தப்புதான் மாமி,” என்றாள் ஜெனிட்டா. “அதுக்குத்தான் சொல்லிட்டேன். வாக்கு வேணும்னாலும் வேண்டாம்னாலும் ஒங்க இஷ்டம். எனக்கு இப்ப அதப் பேச நேரமில்ல, பஸ்ஸு போயிரும்.”

செருப்பை மாட்டினாள். கஸ்பார் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார், தையல் மறையாமல்.

இன்னாசி ஒருவழியாக விழுங்கிவிட்டு ஓடி வாசல் நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். “போவ விட மாட்டேன். வே மச்சான், ஒமக்கு ஒண்ணும் தெரியாது. இவ பேச்சக் கேட்டு... நீரு வாந்தி எடுத்துச் சாவுதத நான் பாக்க மாட்டேன். கேட்டீரா? நான் இருக்கும்போது விட மாட்டேன்.”

“மாமா, வழி விடுங்க.”

“நீ பேசாத!”

கஸ்பார் மகளை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். இன்னாசியின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். கயிறு ஓடி ஓடிக் காய்த்துப்போன கை அது. கஸ்பாருக்கு வாயில் ஏதோ வந்தது, சரியில்லாமல் போனது. அதை விட்டுவிட்டார். மணிக்கட்டைப் பிடித்தபடியே தன் பக்கமாக இழுத்தார். சுருக்காக இல்லை. நீட்டி, ஒரே இழுப்பு.

இன்னாசியின் முகம் என்னவோ ஆயிற்று. அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கைதான் முதலில் நிலையை விட்டது. கயிற்றின் பேச்சை இத்தனை வருசம் கேட்டுப் பழகிய கை.

வழி திறந்தது.

“ஏட்டி, நில்லு,” என்று அக்னேசம்மாள் உள்ளே ஓடினாள். தூக்குவாளி ஒன்றோடு வந்தாள். கஞ்சி, மேலே ஒரு கிண்ணத்தில் துவையல், பொரித்த சாளை இரண்டு. மகள் முகத்தைப் பார்க்காமலே கையில் திணித்தாள். “லைட்டு முடிஞ்சு டாக்டர் சொன்ன பொறவு குடு. முந்திக் குடுத்துறாத.”

ரொசாலி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னாசி திண்டாடி நின்ற இடத்திலேயே நின்றார், திறந்த கையைப் பார்த்துக்கொண்டு. பின்னாலேயே வருவாரோ, வராமலே போவாரோ.

ஜெனிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. தூக்குவாளியை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் அறைந்த கச்சான் மணலுக்குள் தெருவில் இறங்கி நடந்தாள்.